நெல்லுச் சுணை

இதனால் உற்றார் உறவினர், பங்காளிகள், சம்பந்தி வகையறா அனைவருக்கும் அறிவிப்பது யாதெனில்: பாபநாசம் வட்டம், மேலத்தெரு, கூட்டுறவுச் சங்க முன்னாள் தலைவர் பஞ்சநதம் அவர்களின் இல்லத்தில் எவருக்கும் கொரோனா கிடையாது. அன்னாரின் இருமல், பக்கத்து வயலில் அறுப்பு மிஷின் ஓடியதால் தொண்டையில் ஏறிய நெல்லுச் சுணையே ஆகும். நேற்றைய வளைகாப்பைச் சிறப்பித்தவர்கள் அச்சம் தவிர்க்கவும்.

இரண்டாவது அலை ஓடிக்கொண்டிருந்த சித்திரைக் கடைசியில், குடும்ப வாட்ஸப் குழுவில் இதைப் போட்டவர் பஞ்சநதமேதான். தன்னைத் தானே 'அவர்கள்' என்று எழுதிக்கொள்ள அவருக்குக் கை கூசியதில்லை. 'அன்னார்' என்பதை இரங்கல் போஸ்டர்களில் பார்த்துப் பிடித்துப்போய் எடுத்து வைத்திருந்தார். முப்பத்தெட்டுப் பேர் கைகூப்பினார்கள்.

அதே நேரத்தில் சமையலறையில் அவர் மனைவி ஆனந்தவல்லி காபி டிகாக்‌ஷனை முகர்ந்துகொண்டிருந்தாள். வாசனை இல்லை. தூள் பழசாக இருக்கும் என்று நினைத்தாள். பெருங்காய டப்பாவைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்து மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனாள். கற்பூரத்தை நசுக்கினாள். விரலிடுக்கில் குளிர்ந்தது, அவ்வளவுதான். நேற்றைய பந்தியின் எண்ணெய், சந்தனம், வாடிய மல்லிகை, ஈரச் சாக்கு, கொல்லைப்புறத்துச் சாணம் என்று அந்த வீட்டுக்குள் எப்போதும் நடமாடிக்கொண்டிருந்த எல்லா வாசனைகளும் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் எழுந்து போயிருந்தன. அப்போதுதான் தன் வலது கை நினைவுக்கு வந்தது. அந்தக் கையால்தான் நேற்று ஏழு வகைச் சாதத்தையும் உருட்டி, ஏழு மாதக் கர்ப்பிணியான ஒரே மகள் பிரகதீஸ்வரிக்கு, சூடு ஆறட்டும் என்று ஊதி ஊதி ஊட்டியிருந்தாள்.

"ஏங்க, எனக்கு எந்த வாசனையும் தெரியலங்க."

"சுணை மூக்க அடைச்சிருக்கும். எனக்கும்தான் நாலு நாளா தெரியல. நான் என்ன ஊரக் கூட்டினேனா?" என்றார் பஞ்சநதம். இருமிக்கொண்டே சொன்னார்.

அன்றைக்கே மகளை மாடி அறைக்கு ஏற்றினாள் ஆனந்தவல்லி. "உள்ளாற தாழ் போட்டுக்க. சோத்த வாசல்ல வெச்சிருவோம். நானே வந்து தட்டினாலும் தொறக்காத."

"நீ அழுதா?"

"அழுதாலும் தொறக்காத."

"இதையும் அப்பாகிட்ட சொல்லி குரூப்ல போடச் சொல்லும்மா."

சிரித்துக்கொண்டே படியேறினாள். இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல்கள். பிரசவம் வரைக்கும் கழற்றக் கூடாது. வயிற்றுப் பிள்ளை அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வளர வேண்டும். வந்தவர்களெல்லாம் போட்டிபோட்டு அடுக்கியதில் மகள் மூச்சு விட்டால்கூடச் சத்தம் கேட்டது.

மூன்றாம் நாள் ஆனந்தவல்லிக்குக் காய்ச்சல் அடித்தது. ஐந்தாம் நாள், தன் இருமலும் கணவர் இருமலும் ஓய்ந்த ஓர் இடைவெளியில், மேலேயிருந்து மூன்றாவதாக ஓர் இருமல் கேட்டது. அது சின்ன இருமல். பந்தியில் புரையேறினால் வருமே, அது மாதிரி. பாயில் படுத்திருந்தவள், வேறு வீட்டு இருமலாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

எட்டாம் நாள் மகள் போன் செய்தாள். "ம்மா, பேசினா மூச்சு இழுக்குது. நீ படிக் கம்பியில தட்டு. நான் வளையல ஆட்டுறேன். ஆட்டினா நல்லாருக்கேன்னு வெச்சுக்க."

ஆனந்தவல்லி கணவரிடம் போனாள். "108-ஐக் கூப்பிடுங்க. கைய எடுத்துக் கும்பிடுறேன்."

"வண்டி வாசல்ல வந்து நின்னா தெருவே எட்டிப் பாக்கும். நான் போட்ட அறிவிப்பு என்னாவுறது? நாளைக்குப் பாப்போம்."

"நர்சு அம்சத்துக்காவது சொல்லுங்க."

"அவ வந்தா வாசல்ல தகரம் அடிப்பா. நாளைக்குங்கிறேன்ல."

அவர் திரும்பியதும் அவளே அம்சத்துக்குப் போன் போட்டாள். "வரிசையா வீடு கெடக்குக்கா. எப்படியும் மூணு நாளைக்குள்ள வந்துர்றேன்" என்றாள் அம்சம். பின்னால் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள்.

ஒன்பதாம் நாள் காலை கரண்டியால் படிக் கம்பியில் தட்டினாள். நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு இரண்டே இரண்டு வளையல் ஒன்றோடொன்று உரசிக்கொள்ளும் சத்தம். அதற்கே கண் நிறைந்துவிட்டது அவளுக்கு. மத்தியானம் மறுபடி தட்டினாள். இந்தத் தடவை இரண்டு கை நிறையக் குலுங்கியது. கலகலவென்று, வளைகாப்பு அன்றைக்குக் குலுங்கியது போலவே. இருமலும் நின்றுவிட்டது. சோற்றுத் தட்டோடு மாடிக்குப் போன பஞ்சநதம் காலித் தட்டோடு இறங்கி வந்தார். தேறிவிட்டாள் என்று சாமி படத்தின் முன்னால் விழுந்தாள் ஆனந்தவல்லி. காய்ச்சல் வேகத்தில் விழுந்தவள் எழுந்திருக்க அரைமணி நேரம் ஆயிற்று.

சிங்கப்பூரிலிருந்து மாப்பிள்ளை இளஞ்செழியன் கூப்பிட்டார். ஈஸ்வரியின் போன் அணைந்திருக்கிறதாம். "அசந்து தூங்குறா மாப்ள. புள்ளத்தாச்சின்னா தூக்கம் வரத்தானே செய்யும்" என்றார் பஞ்சநதம்.

அடுத்த இரண்டு நாளும் தட்டினால் குலுங்கியது. எப்போது தட்டினாலும். ஒரு முறைகூடத் தாமதிக்கவில்லை. ஒரு முறைகூடச் சத்தம் கூடவோ குறையவோ இல்லை. கரண்டி கம்பியில் படும், வளையல் பதில் சொல்லும். உடம்பு முடியாத பிள்ளை ஒரு தடவையாவது அலுத்துக்கொள்ள மாட்டாளா என்ற நினைப்பு ஆனந்தவல்லிக்கு வந்தது. நல்லது நடக்கும்போது இப்படி நினைக்கலாமா என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

பதினோராம் நாள் உச்சி வெயிலில், சுவரைப் பிடித்துக்கொண்டு கொல்லைப்பக்கம் நடந்தாள். சன்ஷேடின் மேல் காக்கைகள். ஏழெட்டு இருக்கும். அவற்றின் காலடியில் தயிர்சாதம், ரசம்சாதம், காய்ந்த இட்லி. அவள் காக்கைக்குச் சோறு வைக்கவில்லை. காக்கைகள் தின்றுகொண்டிருந்தன.

"ஏங்க. மேல சோத்தக் கொட்டினது யாரு?"

பஞ்சநதம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். போன் அணைந்திருந்தது. "தட்டு வெச்சது வெச்சபடி இருந்துச்சு வல்லி. நீ பயந்துருவேன்னுதான்."

"எத்தன வேளையா?"

நெடுங்காலம் மேடையில் பேசிய மனிதர். வாய் திறந்தபடியே இருந்தது.

"வளையல் சத்தம் கேக்குதே."

"கேக்குது" என்றார். "எனக்கும் கேக்குது வல்லி. அதான் நானும் சரின்னு..."

படிக்கட்டுக்கு வந்தாள். ஈக்கள். நிறைய. எல்லாம் மேல்நோக்கி. கரண்டியை எடுத்தாள். ஓங்கினாள். இன்னும் தட்டவில்லை.

மேலே வளையல் குலுங்கியது.

கை நின்றது. சத்தமும் நின்றது. கையை இறக்கினாள். ஓங்கினாள்.

குலுங்கியது.

வாசலில் கேட் திறந்தது. அம்சம். இரண்டு மாஸ்க், நீல அங்கி, கையில் விரலில் மாட்டும் சின்ன மிஷின். உள்ளே காலை வைத்தவள் அப்படியே நின்றாள்.

"அக்கா, எலி கிலி எதுவும் செத்துக் கெடக்கா?"

"இல்லயேம்மா."

அம்சம் மாஸ்க்கின் மேல் கையை வைத்து அழுத்தினாள். கண் மட்டும் தெரிந்தது. அது கூடத்தைப் பார்த்தது. படிக்கட்டைப் பார்த்தது. படிப்படியாக மேலே ஏறியது. நிறைந்தது.

"பாப்பா எங்கக்கா?"

ஆனந்தவல்லி மூச்சை இழுத்தாள். நெஞ்சு வலிக்க இழுத்தாள். மறுபடியும் இழுத்தாள். எதுவும் இல்லை. கழுவி வைத்த பாத்திரம் போல் காற்று. இரண்டு நாளாக, இந்தக் காற்றில்தான் சமைத்தாள். இந்தக் காற்றில்தான் படுத்தாள்.

"என்னால மோந்து பாக்க முடியல அம்சம்" என்றாள். "நீ சொல்லு. நீ சொல்லேன்."

அம்சம் அழுதாள்.

கரண்டி நழுவிக் கம்பியில் பட்டது. ணங்.

மாடியில் தாழ் விலகியது. அம்மா அழுதாலும் திறக்கக் கூடாத கதவு. பிறகு ஒரு படி. வளையல். இன்னொரு படி. வளையல். இரண்டு கை நிறைய, நிதானமாக, பிள்ளை கேட்கட்டும் என்பது போல் இறங்கிக்கொண்டிருந்தது.

சுணை பட்டால் உடம்பு அரிக்கும். அந்த வீட்டில் யாருக்கும் அரிக்கவே இல்லை.