காலியாக விட்ட முதல் வரி

இப்படிக் கிட்டே வந்து உட்காருங்கள் கண்ணுகளா. சுவரில் முதுகைச் சாய்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையைக் கேட்கும்போது முதுகுக்குப் பின்னால் வெற்றிடம் இருக்கக் கூடாது. அம்பத்தூர் வேதமுத்து சொன்ன ஒரு வார்த்தையின் கதை இது. பொய் என்றுகூடச் சொல்ல முடியாத அளவுக்குச் சின்ன வார்த்தை.

வீடு மனைகளை அளந்து, மதிப்புப் போட்டு அறிக்கை எழுதிக் கொடுப்பது வேதமுத்துவின் தொழில். அறிக்கையின் முதல் வரி எப்போதும் ஒன்றுதான்: யார் கேட்டு, யாருக்காக இந்த மதிப்பீடு. அந்த வரி நிரம்பாத காகிதத்தில் அவர் கையெழுத்துப் போட்டதே கிடையாது. எண்பத்தேழாம் வருஷம் ஐப்பசியில்தான் சறுக்கினார்.

பாடியில் லாரி ஓட்டும் கோதண்டம் வந்து, கோவில்பதாகையில் தனக்கொரு வீடு இருக்கிறது, பல மாசமாகப் பூட்டிக் கிடக்கிறது, அதைக் காட்டிக் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் கேட்க வேண்டும் என்றான். சாவியை அவர் உள்ளங்கையில் வைத்தவன் விரலை எடுக்கவில்லை.

"மொத வரிய மட்டும் காலியா வுட்ரு சார். எம்பேர நான் அப்பால எய்திக்கிறேன். அங்க யாரு கேட்டாலும் எம்பேரு உன் வாயில வரக்கூடாது."

ஏதோ பங்காளித் தகராறு என்று நினைத்துக்கொண்டு வேதமுத்துவும் வாக்குக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் பிற்பகல் மூன்று மணி இருக்கும். மழை பெய்யாமல் மூடிக்கொண்டு நின்றது. கதவைத் திறந்ததும் ஈரச் சுண்ணாம்பு வாடை. அதற்கு அடியில் விளக்கெண்ணெய் வாடை, யாரோ இப்போதுதான் தலைக்குத் தேய்த்துக்கொண்டதைப் போல. ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. தனியாளாக வந்தவர், அளவு டேப்பின் வளையத்தைக் கூடத்துச் சுவரில் முழங்கால் உயரத்தில் இருந்த ஆணியில் மாட்டிவிட்டு, நாடாவை இழுத்துக்கொண்டே அடுத்த அறைக்குப் பின்வாங்கினார். அவ்வளவு நீளத்துக்கு நாடா தொய்ந்து தரையில் படிந்திருக்க வேண்டும்.

தொய்யவில்லை.

ஆணியில் மாட்டிய முனையை யாரோ தூக்கிப் பிடித்ததுபோல, நாடா இடுப்பு உயரத்தில் விறைப்பாக நின்றது.

"யாருக்காவ அளக்கிற?"

கிழவியின் குரல். அதட்டல் இல்லை, பொறுமையாகக் கேட்டது. பூட்டிய வீட்டில் யாரையோ குடிவைத்துவிட்டு மறைத்திருக்கிறான் என்றுதான் வேதமுத்துவுக்குத் தோன்றியது. கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது. பதில் சொல்லப் பிடிக்காதபோது நாம் எல்லோரும் சொல்வதைத்தான் அவரும் சொன்னார்.

"சும்மாதாம்மா. எனக்காகத்தான்."

நாடா கொஞ்ச நேரம் அப்படியே நின்றது.

"அப்ப சரி."

நாடா பொத்தென்று விழுந்தது. கூடத்துக்கு ஓடிவந்து பார்த்தார். தெருக்கதவில் அவர் போட்ட தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது. ஒருவருமில்லை.

வெளியே எதிர்வீட்டு வடிவு, மழைக்கு முன்னால் வறட்டியை வாரிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே இருக்கும் கிழவி யார் என்று கேட்டார். வீட்டுக்காரி நாகம்மாள் போன தையிலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள் என்றாள். கோதண்டம் அவளுக்கு அண்ணன் மகன். லாரிக்கு நாலு பக்கமும் எலுமிச்சம்பழம் கட்டுவான், அத்தைக்கு ஒரு வாய் கஞ்சி ஊற்றமாட்டான் என்று நொடித்தாள். வீட்டைக் கேட்டு அவன் அரித்த அரிப்பில், ஒருநாள் கிழவி நடுத்தெருவில் நின்று மண்ணை வாரி இறைத்தாளாம்.

"'என் ஊட்ட எவன் கேக்குறானோ, அவன் ஊட்ல போய் குந்திக்குவேன்'னு சொல்லிட்டுதான் செத்துச்சு. அதுக்கு பயந்துகினுதான் அவன் இந்தாண்ட வர்றதேயில்ல." வடிவு குரலைத் தாழ்த்தினாள். "யாருக்காவன்னு கேட்டுச்சா நைனா? நீ இன்னா சொன்ன?"

வேதமுத்து சைக்கிளை எடுத்துக்கொண்டு புறப்பட்டார்.

வீட்டில் கதவைத் திறந்த மனைவி ஞானகுமாரி, அவர் உள்ளே வந்த பிறகும் கதவைச் சாத்தாமல் ஒதுங்கியே நின்றாள். இன்னொருவருக்கு வழிவிடுவதுபோல. கொஞ்சம் பொறுத்துத்தான் சாத்தினாள்.

"பின்னால வந்தாங்களே ஒரு அம்மா, யாருங்க?"

அன்றிலிருந்து தலையணையில் விளக்கெண்ணெய் வாடை. ஆள் இல்லாத கயிற்றுக் கட்டில் கிறீச்சிட்டது. மூன்றாம் நாள் சாயங்காலம் இருவரும் ஜெபத்துக்கு முழங்காலிட்டபோது, அவர்களுக்குப் பின்னால் மூன்றாவதாக ஒரு ஜோடி மூட்டு மெல்லச் சொடுக்கியது.

வேதமுத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ஞானகுமாரி அழவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு முணுமுணுத்தாள்.

"அந்த ஆளுக்குக் கொடுத்த வாக்குக்கு நம்ம வீடா கிடைச்சுது? பேரை எழுதுங்க."

பொழுது விடிந்ததும் மேஜையில் மூன்று தாள்களை அடுக்கி, இடையிடையே கார்பன் வைத்தார். மேல்தாள் சங்கத்துக்கு, நடுத்தாள் தன்னிடம் இருக்க, அடித்தாள் வீட்டுக்காரருக்கு. பேனாவை அழுத்தி எழுதினார். கேட்டவர்: கோதண்டம். யாருக்காக: கோதண்டத்துக்காக. சொத்து: கோவில்பதாகை வீடு. குடியிருப்பவர்: ஒருவருமில்லை.

எழுதி முடித்ததும் வீடு அமைதியானது. வாடையும் இல்லை. மூன்று நாளைக்குப் பிறகு ஞானகுமாரி நிம்மதியாக மூச்சுவிட்டாள்.

வேதமுத்து மேல்தாளை எடுத்தார். கார்பனை உரித்து நடுத்தாளைப் பார்த்தார்.

அவருடைய கையெழுத்துதான். அவருடைய அழுத்தம்தான்.

கேட்டவர்: வேதமுத்து.

யாருக்காக: வேதமுத்துவுக்காக.

சொத்து: அவர்கள் இருவரும் நின்றுகொண்டிருந்த அந்த வீட்டின் கதவு எண்.

குடியிருப்பவர்: நாகம்மாள்.

அடித்தாளைத் தொட அவருக்குக் கை வரவில்லை. வீட்டுக்காரருக்கான அந்தத் தாள் கார்பனுக்கு அடியிலிருந்து தானே மெதுவாக உருவிக்கொண்டு வெளியே வந்தது. பாதியாக மடிந்தது. மறுபடியும் மடிந்தது, ஒரு கிழவி இடுப்பில் செருகிக்கொள்ளும் அளவுக்கு. பிறகு அது மேஜையில் இல்லை.

போதும் கண்ணுகளா. உங்கள் வீட்டில் உங்கள் மூச்சைத் தவிர வேறு மூச்சு இல்லாதிருக்கட்டும். அடுப்பும் விளக்கும் அணையாமல், குழந்தை குட்டிகளோடு, உங்கள் கூரை உங்களுக்கே நிழலாக நூறு வருஷம் நிற்கட்டும்.