தோல் முட்டை

முட்டைக்கு ஓடு இல்லை. சாக்கு விரித்த பெட்டிக்குள் கைவிட்ட நாகலெட்சுமியின் விரல்களில் அது ஈரத் தோலாய் அமுங்கியது. கருப்பிக் கோழி இப்போதுதான் எழுந்து போயிருந்தது. முட்டையோ ஆற்றுக் கல்லைப் போலச் சில்லிட்டிருந்தது.

இலங்கை மலையகத்தில், லிந்துலைக்கு மேலே, ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல் லயத்தில், அந்தத் தொழிலாளர் வீட்டு வரிசையில், அவள் ஒருத்திதான் மிச்சம். ஐம்பத்தேழாம் வருசத்து மழையில் மலை சரிந்து, கீழ் லயத்தைக் குடும்பம் குடும்பமாக மூடியது. அங்கிருந்தவர்களைக் கூப்பிட ஓடிய அவள் புருசன் சின்னராசாவும் மண்ணுக்குள் போனான். உடல் கிடைக்கவில்லை. மற்றவர்களைத் தோட்ட மேற்பார்வையாளரான கண்டாக்கு, தோட்டத்தின் வேறு டிவிசனுக்கு மாற்றினார். அவள் மட்டும் வரமாட்டேன் என்றுவிட்டாள். பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு மாலையில் திரும்பினால், தகரக் கூரையில் நீர் சொட்டும் ஓசையும், ஈர விறகின் புகை நெடியும், நாலு கோழிகள் இறகு கோதும் சரசரப்பும்தான் அவளுக்குத் துணை.

லிந்துலையில் கடை வைத்திருந்த ரபீக்காவிடம் யோசனை கேட்டாள்.

"கோழிக்குச் சுண்ணாம்புச் சத்துப் பத்தல, லெட்சுமி. முட்டை ஓட்ட வறுத்து இடிச்சு, தவிட்டுல கலந்து போடுங்க. கெட்டியாயிரும்."

அப்படியே செய்தாள். மற்றக் கோழிகளின் முட்டை தேறியது. கருப்பியின் முட்டை மட்டும் அதே தோல், அதே சில்லிப்பு. ஒருநாள் ஒன்றைச் சட்டியில் கிழித்து ஊற்றினாள். மஞ்சள் கரு இல்லை. செம்மண் கரைந்த நீர் சட்டியில் பரவி, வெட்டிய குழியின் வாடை அவளுடைய ஒற்றை அறைக் காம்பரா முழுக்க எழுந்தது.

மறுநாள் கருப்பியைக் கூடையால் மூடி, மேலே கல்லை வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். திரும்பி வந்தபோது கல் அசையவில்லை. கருப்பி உள்ளேதான் இருந்தது. பெட்டியில் முட்டை இருந்தது. அதன் தோலில் ஒரு பெருவிரல் அழுத்திய பள்ளம். தன் விரலை அதில் வைத்துப் பார்த்தாள். பள்ளம் பெரிது.

அந்த லயத்தில் வேறு கை இல்லை.

கூடையைத் தூக்கியதும் கருப்பி நேரே சரிவில் இறங்கி ஓடியது. பொழுது இன்னும் சாயவில்லை, ஆனாலும் மூட்டம் தேயிலைச் செடிகளை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்தது. கால் வழுக்க, முந்தானை செடிகளில் மாட்ட, அவளும் பின்னால் போனாள். கீழ் லயத்தை மூடிய மண்மேட்டில் நசுங்கிய கூரைத் தகரம் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அதன் கீழே ஒரு துவாரம். கருப்பி அதற்குள் நுழைந்தது.

உள்ளே கொக்கரித்தது. சட்டென்று நின்றது.

"பா... பா..."

கோழியைக் கூப்பிட்டுப் பார்த்தாள்.

மண்டியிட்டாள். கையை விட்டாள். முழங்கை வரை. தோள் வரை. ஈர மண். அறுந்த வேர். அப்புறம் வெறும் காற்று.

விரிந்திருந்த உள்ளங்கையில் ஒரு முட்டையை யாரோ வைத்தார்கள். மெதுவாக. உடையாமல்.

மண் படிந்த விரல்கள் அவளுடைய விரல்களை மடக்கி, முட்டையோடு பொத்திக்கொண்டன. பெரிய விரல்கள். காய்ப்பு ஏறியவை. அவள் கையை யாரும் தொட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

"நீங்களா?" என்றாள். கையை இழுக்கவில்லை.

அப்போது மணிக்கட்டுக்கு மேலே இன்னொரு கை பற்றியது.

சின்னக் கை.

பிறகு இன்னொன்று.