ஆமத்தூர் வரைக்கும் கேட்ட சத்தம்

பங்குனி வெயில் ஏறத் தொடங்கியிருந்த ஒரு காலையில், விருதுநகரில் சிவகாசி ரோட்டோரம் இருந்த ஊர்க்காவலனின் ஒர்க்ஷாப்புக்கு வெள்ளை அம்பாசிடர் ஒன்று வந்து நின்றது. ஓட்டி வந்தவன் பாண்டிராஜ். நாரணாபுரத்தில் பட்டாசுக் கம்பெனி வைத்திருக்கும் கண்ணுச்சாமியின் டிரைவர். இறங்கியவன் கதவைச் சாத்தாமலே நின்று, பின்பக்கம் சத்தம் வருகிறது என்றான். மூன்று மெக்கானிக்குகள் பார்த்தாயிற்று, பின் அச்சின் பல்சக்கரங்களைக்கூட, கிரவுன், பினியன் இரண்டையும், புதுசாகப் போட்டாயிற்று, சத்தம் போன பாடில்லை என்றான். பேசும்போது ஊர்க்காவலனின் முகத்தைப் பார்க்காமல் தரையில் கிடந்த டயரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஊர்க்காவலனுக்கு அந்த வண்டியைத் தெரியும். போன ஆவணியில் அவன் தங்கை இசைவாணியைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு வந்த வண்டி அது. பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு அதே கம்பெனிக்கு வெடிமருந்து அடைக்கப் போனவள். சத்தமாகப் பேசத் தெரியாதவள். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் வந்தால்கூடக் கண்டக்டரைக் கூப்பிடக் கூச்சப்பட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வருவாள். சீசன் வேலை மும்முரமாக நடந்த நாளில் மருந்து ரூம் வெடித்தது. அங்கேயே உயிர் போய்விட்டது, பிள்ளை ஒன்றும் அறிந்திருக்காது என்று கம்பெனி ஆட்கள் சொன்னார்கள்.

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அம்மா சண்முகத்தாய் பதினேழாம் நாள் மறுபடி உலை வைத்தாள். யார் துக்கம் விசாரித்தாலும், "எம்பிள்ளை ஒண்ணும் அறியாமப் போயிட்டா" என்று அவளே முந்திக்கொண்டு சொல்வாள். ஊர்க்காவலனும் அதைப் பிடித்துக்கொண்டுதான் ஸ்பானரைக் கையில் எடுத்தான். ஏழு மாதமாக அவனுக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. குழம்பில் உப்புக் கூடினால் அம்மா சொல்லித்தான் தெரியும். வேலை மட்டும் அதன் பாட்டுக்கு நடந்தது.

வண்டியைப் பார்த்தபோதும் ஒன்றும் தோன்றவில்லை. உள்ளே தள்ளச் சொன்னான்.

பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, இரண்டு சக்கரத்தையும் பிடித்து ஆட்டினான். ஆட்டம் இல்லை. அடியில், இரண்டு சக்கரத்துக்கும் நடுவே குடம் போலத் தொங்கும் டிப்ரன்ஷியல் கூட்டின் மூடியைத் திருகி எண்ணெயை இறக்கினான். அந்த எண்ணெய்க்கு எப்போதுமே கந்தக வாடை உண்டு. இத்தனை வருடம் அதில் கை வைத்தவனுக்கு அன்றைக்குத்தான் அது தங்கையின் தாவணியில் அடித்த வாடை என்று உறைத்தது. தட்டில் விழுந்த எண்ணெய் வெள்ளி போல மினுங்கியது. பல் தேய்ந்தால் இரும்புத் தூள் கலந்து இப்படித்தான் மினுங்கும். இரண்டு விரலால் நசுக்கிப் பார்த்தான். நறநறப்பு இல்லை. மாவு போல இருந்தது. வாண மருந்தில் கலக்கிற அலுமினியப் பவுடர் இப்படித்தான் இருக்கும். அவள் நகக்கண்ணில் அது எப்போதும் ஒட்டியிருக்கும்.

துணியில் கையைத் துடைத்துக்கொண்டு மேலே ஆகவேண்டியதைப் பார்த்தான்.

ஆக்சில் இரண்டையும் இழுத்து, டிப்ரன்ஷியலை இறக்கிப் பெஞ்சில் வைத்தான். சிவகாசி அச்சாபீஸிலிருந்து வாங்கி வைத்திருந்த சிவப்பு மையைக் கிரவுன் பல்லில் தடவிச் சுற்றினான். பல்லோடு பல் எங்கே படுகிறது என்று மை காட்டிக் கொடுத்துவிடும். ஒவ்வொரு பல்லிலும் நடுவே, ஒரே அளவில், பாக்குக் கொட்டை மாதிரித் தடம் விழுந்திருந்தது. பேரிங் புதுசு. உள்ளே இருக்கும் சின்னப் பல்சக்கரங்களிலும் ஒரு கீறல் இல்லை. இதைவிடச் சுத்தமான டிப்ரன்ஷியலை அவன் பார்த்ததில்லை.

சத்தம் எப்போது வருகிறது என்று கேட்டான். நாரணாபுரத்திலிருந்து விருதுநகர் வரும்போது மட்டும் வரும், போகும்போது வராது, ஆமத்தூர் வந்ததும் நின்றுவிடும் என்று பாண்டிராஜ் சொன்னான். எந்தப் பல்சக்கரமும் ஊர் பார்த்துச் சத்தம் போடாது. ஊர்க்காவலன் அதைச் சொல்லவில்லை. பழையபடி மாட்டி, புது எண்ணெய் ஊற்றி, சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் இரண்டு பேரும் நாரணாபுரம் போனார்கள்.

கம்பெனி வாசலில் வண்டியைத் திருப்பினார்கள். ஊர்க்காவலன் பின் சீட்டில் உட்கார்ந்தான்.

சிவகாசிக்குள் நுழையும் முன்பே அது தொடங்கியது.

டக். டக்.

ஆக்சிலரேட்டரை மிதித்தால் கூடுகிற சத்தம் பினியனுடையது. காலை எடுத்தால் கூடுகிற சத்தம் கிரவுனுடையது. வளைவில் மட்டும் வந்தால் சின்னப் பல்சக்கரங்கள். அவன் மிதிக்கச் சொன்னான். காலை எடுக்கச் சொன்னான். வளைத்து ஓட்டச் சொன்னான், நியூட்ரலில் உருளவிடச் சொன்னான். சத்தம் எதற்கும் மாறவில்லை. வேகம் கூடினால் கூடவும் இல்லை, குறைந்தால் குறையவும் இல்லை. இரண்டு தட்டு, கொஞ்ச நேரம் சும்மா, பிறகு ஒரு தட்டு. மூச்சு வாங்கிக்கொண்டு தட்டுவது போல.

திருத்தங்கல் தாண்டி ஒரு வேப்பமர நிழலில் வண்டியை நிறுத்தி, என்ஜினை அணைக்கச் சொன்னான். ரோட்டில் ஆள் இல்லை. இலைகூட அசையவில்லை.

டக்.

பாண்டிராஜ் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான்.

டிக்கிக்குள் படுத்துக் கேட்டால்தான் பிடிபடும் என்று சொல்லிவிட்டு ஊர்க்காவலன் இறங்கினான். பின்பக்கச் சத்தத்தை அப்படிக் காது வைத்துக் கண்டுபிடிப்பது அவன் வழக்கம். பாண்டிராஜ் ஓடி வந்து டிக்கி மூடியின் மேல் இரண்டு கையையும் வைத்து அழுத்திக்கொண்டான்.

"இதுக்குள்ள வேணாம்ணே."

"ஏன்லே?"

பாண்டிராஜின் குரல் காற்றாக வந்தது.

"அன்னைக்கு வெடிச்சதும், சத்தம் போட்டவுகளை எல்லாம் முதல்ல வேன்ல ஏத்திட்டாக. தங்கச்சி சத்தமே போடலண்ணே. போயிருச்சுன்னு நினைச்சிட்டோம். சீட்டுக்குப் புது உறை போட்டிருக்கு, ரோட்டுல போறவுக பார்த்துரக் கூடாதுன்னு முதலாளி சொன்னாக. தார்ப்பாயில சுத்தி இதுக்குள்ளதான் வச்சோம்."

பாண்டிராஜ் மூடியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"நான் ஒருத்தன்தான் ஓட்டிட்டு வந்தேன். கொஞ்ச தூரத்துல பின்னால தட்டுச்சு. டிப்ரன்ஷியல் போச்சுன்னு நினைச்சேன்ணே. சத்தியமா அப்படித்தான் நினைச்சேன். நடுவழியில வண்டி நின்னுறக் கூடாதேன்னு மெதுவா உருட்டுனேன். ஆமத்தூர்கிட்ட சத்தம் நின்னுபோச்சு. இறங்கி, அடியில படுத்துக் கூட்டைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இல்ல. சரி, தானா சரியாயிருச்சுன்னு…"

"டிக்கியத் திறந்து பார்த்தியா?"

"பயமா இருந்துச்சுண்ணே. பொணம்லா உள்ள."

ஏழு மாதமாக ஊர்க்காவலனையும் அவன் அம்மாவையும் நிமிர்த்தி வைத்திருந்த அந்த ஒரு சொல் அங்கே, வேப்ப மரத்தடியில், விழுந்துவிட்டது. அவனுக்கு அப்போதும் அழுகை வரவில்லை. பாண்டிராஜின் கைகளைப் பிடித்து மூடியிலிருந்து எடுத்துவிட்டான். ஸ்டெப்னி டயரை எடுத்து வெளியே போட்டான். உள்ளே ஏறி ஒருக்களித்துப் படுத்தான்.

"மெதுவாப் போகாத. வேகமாப் போ."

மூடி இறங்கியது.

உள்ளே கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான். தகரம் கொதித்தது. கந்தகமும் பழந்துணியும் கலந்த வாடை. ஒரு முழத்துக்குமேல் காலை நீட்ட இடமில்லை. வண்டி நகர்ந்தது. காதைத் தரைத் தகரத்தில் வைத்தான். கீழே டிப்ரன்ஷியல் பால் காய்கிற மாதிரி மெல்லிசாக இரைந்து ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஒரு குறையும் இல்லை.

டக். டக்.

கீழேயிருந்து வரவில்லை.

அவன் முகத்துக்கு நேரே, ஒரு சாண் தூரத்தில், மூடியின் உட்புறத்தில் கேட்டது.

அவன் கையை நீட்டினான். விரல் எதிலும் படவில்லை. ஆனால் அந்த இடத்துக் காற்று மட்டும், அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய பானையின் பக்கத்தில் கை வைத்ததுபோலச் சுட்டது.

"வாணி" என்றான்.

தட்டு நின்றது. அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். இன்னொரு மூச்சு கேட்டது. குட்டையாக, அறுபட்டு அறுபட்டு.

பிறகு மறுபடி டக். முன்னைவிட மெதுவாக. எவ்வளவு தூரம் போனார்களோ தெரியாது, ஒவ்வொரு தட்டுக்கும் நடுவே நேரம் நீண்டுகொண்டே போனது. அவன் மனசுக்குள் எண்ணினான். பத்து. இருபது. முப்பத்தொன்று.

கடைசியில் தட்டு இல்லை. தகரத்தில் நகம் ஒன்று மேலிருந்து கீழே வழுக்கி வருகிற சத்தம்.

அப்புறம் சூடு ஆறியது.

பாண்டிராஜ் மூடியைத் திறந்தபோது வெயில் கண்ணைக் குத்தியது. எந்த இடம் என்று ஊர்க்காவலன் கேட்டான். ஆமத்தூர் என்றான் அவன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடையில் வடைச்சட்டி கொதித்துக்கொண்டிருந்தது. நான்கு பேர் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்தார்கள். அன்றைக்கும் இப்படித்தான் இருந்திருப்பார்கள்.

ஊர்க்காவலன் முன் சீட்டுக்கு அடியிலிருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்தான். டிக்கியின் பூட்டை நான்கு ஸ்குரூவும் கழற்றி எடுத்து, ரோட்டோர முள்ளுக்குள் வீசினான். இனி அந்த மூடியை உள்ளேயிருந்து ஒரு விரலால் தள்ளினாலும் திறந்துகொள்ளும். முதலாளிக்கு என்ன சொல்வது என்று பாண்டிராஜ் கேட்டான். சத்தம் இனி வராது என்று சொல், போதும் என்றான் ஊர்க்காவலன்.

சத்தம் வரவில்லைதான். நாலாம் நாள் பாண்டிராஜ் போன் பண்ணிச் சொன்னான். தினமும் இரண்டு நடை போய் வந்தாயிற்றாம், வண்டி கப்பல் மாதிரிப் போகிறதாம்.

அந்த நாலாம் நாள் மத்தியானம் ஊர்க்காவலன் வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருந்தான். அம்மாவிடம் அவன் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. என்றைக்கும் சொல்லப்போவதில்லை என்று முடிவு செய்திருந்தான். அவள் சோற்றைப் போட்டாள். கரண்டி பாதியில் நின்றது.

டக். டக்.

வாசல் கதவு. மூடித்தான் கிடந்தது. கை தட்டுகிற உயரத்தில் இல்லை. நிலைப்படியை ஒட்டி, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் கேட்டது.

"மூணு நாளா இந்நேரத்துக்குத் தட்டுது" என்று அம்மா தாழ்ந்த குரலில் சொன்னாள். "திறந்தா யாரும் இல்ல. படுத்துக்கிட்டுத் தட்டுற மாதிரியில்லப்பா இருக்கு. யாருப்பா அப்படித் தட்டுவாக?"

காற்றாக இருக்கும் என்றான். எழுந்து போய்க் கதவைத் திறந்தான். தெருவில் வெயிலைத் தவிர ஒன்றும் இல்லை. இரண்டு கதவையும் சுவரோடு சாயும்படி அகலத் திறந்து, காற்றுக்கு மூடிக்கொள்ளாமல் கதவுக்கொரு செங்கலை அண்டக் கொடுத்தான். திரும்பி வந்து இலை முன்னால் உட்கார்ந்தான். அம்மா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் சோற்றைப் பிசைந்தான்.

டக்.

கதவு திறந்துதான் கிடந்தது. வாணிக்கு அது தெரியவில்லை.

டக். டக்.