உள்ளே வந்த விருந்தாளி

காலை பதினொரு மணியானால் பசிநீக்க வாரியத்தின் மூன்றாம் மாடியில் எல்லோருக்கும் பசிக்கும். அவரவர் பசி அல்ல. வட்டாரத்துக்கு ஒருவர் என்று பிரித்துக்கொண்டு அடுத்தவர் பசியைப் பசித்துக்கொண்டிருப்பதுதான் அவர்கள் உத்தியோகம். வாசல் பக்க மேசைக்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகுவார். தைலம் தடவிப் பயனில்லை. வலிக்கிற இடுப்பு எங்கோ ஒரு சூளையில் கல் சுமந்துகொண்டிருந்தது.

காதுக்குப் பின்னால் பருப்பளவில் ஒட்டும் மெய்ப்பகிரி செய்கிற வேலை இது. ஒருவர் உடம்பு உணர்வதை அது இன்னொருவர் உடம்புக்குக் கொண்டுபோகும். பசி, அசதி, வலி, நாவின் ருசி எல்லாம் போகும்; எண்ணங்கள் மட்டும் போகா. அதற்கு முன்பு வாரியம் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தது. இருப்பவர் இல்லை என்றார், இல்லாதவர் "சாப்பிட்டாச்சு" என்றார். வாய்தான் பொய் சொல்லும், வயிறு சொல்லாது என்று முடிவுகட்டிக் கேள்விகளைக் கைவிட்டார்கள். நல்ல முடிவு என்றுதான் ஆய்வாளர் பரிதியும் நினைத்தார்.

எண்ணூர்க் கரையைக் கடல் விழுங்கிய பிறகு, அதன்மேல் மிதக்கும் குடியிருப்பு ஒன்று உண்டாகியிருந்தது. மாதத்தில் பாதி நாள் அங்கே அடுப்பு எரிவதில்லை என்பது பரிதியின் சந்தேகம். வாரியம் கொடுத்துவந்த உணவுப் பங்கை இரட்டிப்பாக்கச் சொல்லிச் சண்டையே போட்டார். "ஒரு வாரம் அளந்து காட்டுங்கள், பார்க்கலாம்" என்றார் வாரியத் தலைவி சௌதாமினி.

அளக்க அமலோற்பவம் ஒப்புக்கொண்டார். கடலில் மிதக்கும் பிளாஸ்டிக்கை அரித்தெடுப்பது அவர் பிழைப்பு, தனிக்கட்டை. மற்ற ஆய்வாளர்கள் சத்தை அளக்கும் கருவி, அது இது என்று எதையோ சொல்லி மெய்ப்பகிரியை ஒட்டிவிட்டு வருவார்கள். பரிதிக்கு அந்த வேலை பிடிக்காது. உட்கார்ந்து, நிதானமாக, ஒளிக்காமல் விளக்கினார்.

"நான் சாப்டா உங்களுக்கும் சாப்ட மாரி இருக்குமா சார்?"

"ஆமாம்மா."

"எனக்குப் பசிச்சா?"

"எனக்கும் பசிக்கும். நீங்க எப்பவும் போல இருங்க, அது போதும்."

அமலோற்பவம் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத் தலையாட்டினார். அந்த யோசனையைப் பரிதி கவனித்திருக்கலாம்.

மறுநாள் பரிதி பட்டினிக்குத் தயாராகத் தன் மேசையில் வந்து உட்கார்ந்தார். நண்பகலில் வயிறு நிறைந்தது. சுடுசோறு, புளி தூக்கலாக மீன்குழம்பு. மாலையில் ஏதோ இனிப்பு. இரவில் ஏப்பமே வந்தது. ஏழு நாளும் இதே கதைதான். முட்டிவலி இருந்தது, அசதி இருந்தது. வயிறு மட்டும் கல்யாண வீட்டு வயிறு. இவர்களுக்காகவா சண்டை போட்டோம் என்று அவருக்கு ஆத்திரமாக வந்தது. நேர்மையான மனிதர், உணர்ந்ததை உணர்ந்தபடி எழுதிக் கொடுத்தார். வாரியம் இருந்த பங்கையும் நிறுத்தியது.

இரண்டு மாதம் கழித்து, கழற்றி வைத்திருந்த மெய்ப்பகிரியைத் திரும்ப வாங்கப் போனார். பங்கு கொடுத்த சாளரத்தில் யாரோ வலை காயப்போட்டிருந்தார்கள். அமலோற்பவம் பாதியாகியிருந்தார்.

"குந்துங்க சார். அன்னிக்குக் குழம்புல காரம் ஜாஸ்தியாப் பூட்ச்சா? எனக்கு அதே நெனப்பு."

"அந்த வாரம் சாப்பாடெல்லாம் எங்கிருந்தும்மா வந்தது?"

"வூட்டுக்கு ஒரு பிடின்னு எல்லாரும் குடுத்தாங்க. அவங்கவங்க வயித்தக் கட்டித்தான். விருந்தாளிய உள்ள வெச்சிக்கினு பட்டினி போட முடியுமா சார்?"

பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பார்கள். இந்தக் குடியிருப்பில் ஒன்பதுதான் பறந்திருந்தது. மிச்சமிருந்த ஒன்றை அளக்க மெய்ப்பகிரியில் வழியில்லை. பரிதி அங்கேயே உட்கார்ந்து அழுதார்.

பிறகு வாரியத்தில் கெஞ்சிக் கூத்தாடி, உறுப்பினர்கள் ஏழு பேரையும் ஒரே ஒரு காலைப்பொழுது அமலோற்பவத்தோடு இணைக்க அனுமதி வாங்கினார். அமலோற்பவத்துக்குத்தான் மனசே இல்லை. "ஏழு பெரிய மனுசங்க. இப்பக் கேட்டாலும் குடுக்க யார் வூட்லயும் ஒண்ணும் இல்லியே சார்" என்று புலம்பிக்கொண்டே அணிந்துகொண்டார்.

பரிதி பேச எழுந்தபோதே உறுப்பினர்கள் நெளிந்தார்கள். ஒருவர் தலை சுற்றுகிறது என்று மேசையைப் பிடித்துக்கொண்டார். இன்னொருவர் கண்ணில் நீர் கோத்திருந்தது. இந்த முறை கரையேறிவிட்டோம் என்று பரிதி நம்பினார். சௌதாமினி கையை உயர்த்தினார்.

"இந்தப் பசியில் எனக்கு ஒன்றுமே ஓடவில்லை. எல்லோரும் சாப்பிட்டுவிட்டு வந்து பேசலாம்."

சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். பசி அப்படியே இருந்தது. வயிறு முட்டச் சாப்பிட்ட பிறகும் பசிக்கிறதென்றால் கருவியில்தான் கோளாறு என்று ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். இணைப்பைத் துண்டித்துக்கொண்டு, பழுதுபார்க்க நிதியும் ஒதுக்கிவிட்டு எழுந்தார்கள்.

மறுநாள் பரிதியின் படகு வரும் இடத்தில் அமலோற்பவம் காத்திருந்தார். பங்கு என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை.

"பெரியவங்கள வெறும் வயித்தோட அனுப்பிட்டேனே சார். எதுனா சொன்னாங்களா?"

"அவங்க சாப்பிட்டாங்கம்மா" என்றார் பரிதி.

"அப்பாடா" என்றார் அமலோற்பவம். "அது போதும் சார்."