தனப்பிரியா வைத்த நோன்பு

ஆறாம் வகுப்பு இர்பானா ரமலான் நோன்பு வைப்பது இதுதான் முதல் தடவை. நாமக்கல் வெயிலிலும் அவள் சோர்ந்து போகவில்லை. பக்கத்தில் உட்காரும் தனப்பிரியாவுக்கு அது ஆச்சரியமாக இருந்தது.

"நோன்பு வெச்சும் இர்பானா எப்படி டீச்சர் தெம்பா இருக்கா?" என்று அறிவியல் வகுப்பில் கேட்டாள்.

"சாப்பிடறப்ப கல்லீரல் செல்கள் கொஞ்சம் சர்க்கரையைச் சேர்த்து வெச்சுக்கும்" என்றார் டீச்சர். "சாப்பிடாதப்ப அதை ரத்தத்துக்கு விடும். அது குறைஞ்சா கொழுப்புல இருந்து சக்தி தயாரிக்கும்."

மறுநாள் காலை தனப்பிரியா ரகசியமாகச் சொன்னாள். "இன்னைக்கு நானும் நோன்புடி. என்கிட்டயும் கல்லீரல் இருக்குதுல்ல."

இர்பானாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் இரண்டாவது வகுப்பில் தனப்பிரியாவின் கை நடுங்கியது. நெற்றியெல்லாம் வியர்வை. அவளுக்குச் சர்க்கரை நோய் இருப்பது இர்பானாவுக்குத் தெரியும்.

"காலையில ஊசி போட்டியா?"

"அம்மா போட்டாங்க. இட்லியை நாய்க்குப் போட்டுட்டேன்."

இர்பானா டீச்சரைக் கூப்பிட்டுக்கொண்டே தோழியின் பையிலிருந்து குளுக்கோஸை எடுத்தாள். தண்ணீரில் கலக்கி நீட்டினாள். தனப்பிரியா முகத்தைத் திருப்பினாள்.

"நோன்பு போயிரும்."

"எங்க அத்தாவும் ஊசி போடறவர்தான்" என்று தன் அப்பாவைச் சொன்னாள் இர்பானா. "டாக்டர் வேண்டாம்னதால நோன்பு வைக்கறதில்லை. உடம்புக்கு முடியாதவங்களுக்குக் கட்டாயம் இல்லடி. குடி."

டீச்சரும் வந்து அதட்டினார். தனப்பிரியா குடித்தாள். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. டீச்சர் போன் செய்ததும் அவள் அம்மா ராசாத்தி ஸ்கூட்டியில் பறந்து வந்தார்.

"ஊசி மருந்து வேலை செய்யறப்ப, கல்லீரல் சேர்த்து வெச்சதைச் சரியா வெளிய விடாது சாமி. நீ நேரத்துக்குச் சாப்பிட்டே ஆகோணும்" என்றார். மகளைத் திட்ட வந்தவர், அணைத்துக்கொண்டார்.

"இவகூட நானும் இருக்கலாம்னுதான்" என்று தனப்பிரியா தலைகுனிந்தாள்.

இர்பானா யோசித்தாள். "நோன்பு திறக்கவும் கூட ஆள் வேணும்டி. சாயங்காலம் எங்க ஊட்டுக்கு வா. அத்தை, நீங்களும் வாங்க."

இருவரும் வந்தார்கள். தனப்பிரியாதான் எல்லோருக்கும் பேரீச்சம்பழம் எடுத்து வைத்தாள். பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் முதல் பழத்தை இர்பானாவின் கையில் கொடுத்தாள். ராசாத்தி மகளுக்கு அளவு பார்த்து நோன்புக் கஞ்சி ஊற்றினார்.

"கஞ்சி எப்படி இருக்கு கண்ணு?" என்று கேட்டார் இர்பானாவின் அம்மா கௌசியா.

தனப்பிரியா அம்மாவை ஓரக்கண்ணால் பார்த்தபடி, காலிக் கிண்ணத்தை மெதுவாக நீட்டினாள்.