ஒட்டு மண்

செவ்வானிக் கோளில் பெண் பார்க்கப் போகிறவர்கள் பூவும் பழமும் கொண்டுபோவதில்லை. தங்கள் வீட்டடி மண்ணை ஒரு சிமிழில் எடுத்துப் போவார்கள். இரு வீட்டு மண்ணையும் தரகு எந்திரன் உள்ளங்கையில் வாங்கி, மூன்று நொடி பேசாமல் இருந்துவிட்டுப் பொருத்தம் சொல்லும்.

அன்று இளவெயினியின் வீட்டுக் கூடத்தில் அது சொன்னது: "மணமகன் வீடு ஆதி மண். மணமகள் வீடு ஒட்டு மண். பொருத்தம் இல்லை."

மணமகன் ஆதனின் தந்தை மாசாத்தன் காப்பியைத் தொடாமலே எழுந்துவிட்டார். ஆதன் தலை நிமிரவில்லை. அவனும் இளவெயினியும் ஒரே பாறை ஆய்வகத்தில் மூன்று ஆண்டுகளாக வேலை பார்ப்பவர்கள். இது தரகு எந்திரன் பார்த்துக் கொடுத்த இடமே இல்லை.

செவ்வானியில் இருப்பது ஒரே கண்டம். அதன் நடுவே தழும்புபோல ஒரு நீண்ட கோடு ஓடுகிறது. எப்போதோ இரண்டு நிலங்கள் மோதி ஒட்டிக்கொண்ட இடம் அது. எது முதலிலிருந்தே இருந்த நிலம், எது மிதந்து வந்து ஒட்டியது? கிழக்கே ஓங்கிய கருமலைகள். மேற்கே தேய்ந்த குன்றுகள். ஓங்கி நிற்பதே மூலம் என்று முன்னோர் எழுதிவைத்துவிட்டார்கள். மேட்டில் வீடு, மன்றத்தில் நாற்காலி, கல்யாணம் எல்லாம் அந்த ஒரு வரியிலிருந்து கிளைத்தன. அந்த வரியைக் காக்கும் நிலமரபு மன்றத்துக்கு மாசாத்தனே தலைவர்.

வாசலில் இளவெயினி அவரை மறித்தாள்.

"ஐயா, உங்க வீட்டுக்கு அடியில இருக்கற பாறையை நான் தோண்டிப் பார்க்கலாமா?"

"எதுக்கும்மா?"

"எது ஒட்டுன்னு பாறையே சொல்லட்டும்."

மாசாத்தன் கர்வி, ஆனால் கோழை அல்ல. "தோண்டிக்கோ. மன்றத்துல எல்லாரும் பார்க்க வந்து சொல்லு" என்றார்.

எட்டு மாதம் ஆயிற்று. இளவெயினியும் ஆதனும் மணற்பாறைகளை அடுக்கடுக்காக வெட்டி எடுத்து, நொறுக்கி, கடுகிலும் சிறிய சிர்க்கான் மணிகளைப் பிரித்தார்கள். செவ்வானித் தமிழில் அதற்குக் காலமணி என்று பெயர். எரிமலைக் குழம்பு உறையும்போது பிறக்கும் இந்த மணி, கொஞ்சம் யுரேனியத்தை உள்ளே பூட்டிக்கொள்கிறது. அது மாறாத வேகத்தில் ஈயமாகிறது. இரண்டையும் அளந்தால் மணியின் வயது தெரியும். மலை கரைந்து, ஆற்றில் உருண்டு, மணலாகி, மறுபடி பாறையாக இறுகினாலும் அந்த வயது அழிவதில்லை. எந்த மலை பெற்ற மணல் என்பதை அது எங்கே போனாலும் சொல்லும்.

முதல் நூறு மணிகளின் வயது திரையில் விழுந்தபோது ஆதன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான்.

"வெயினி, எங்க அப்பாகிட்ட இதை யாரு சொல்றது?"

"நான்தான். நீ பக்கத்துல நில்லு, போதும்."

மன்றம் நிரம்பி வழிந்தது. மேற்கத்தியர் வெளியே வெயிலில் நின்று கேட்டார்கள். இளவெயினி மணிகளின் வயதைத் திரையில் ஏற்றினாள்.

"மேற்குக் குன்றுகளோட மணிக்கு வயசு முந்நூத்திப் பத்து கோடி வருஷம். இந்தக் கோள்ல அதைவிடப் பழசு எதுவும் இல்லை. தலைவர் வீட்டுக்கு அடியில இருக்கற கீழ் அடுக்குல அப்படி ஒரு மணிகூட இல்லை. எல்லாமே எழுபது கோடி. அதே வயசு மணி இன்னொரு இடத்துலதான் இருக்கு. நாலாயிரம் கிலோமீட்டர் தெற்கே, நீலத் தீவுகள்ல. மேல் அடுக்குலதான் முதல் தடவையா மேற்கு மணல் வந்து விழுது. அதாவது, ரெண்டு நிலமும் ஒட்டின பிறகு. கிழக்கு மேடுதான் தீவுகள்ல இருந்து பிரிஞ்சு மிதந்து வந்திருக்கு. அந்த மோதல்லதான் கருமலையே எழும்பியிருக்கு. மேற்குக் குன்று தேய்ஞ்சு கிடக்குன்னா, அது அவ்வளவு பழசு!"

மன்றத்தில் கூச்சல் கிளம்பியது. மாசாத்தன் கையை உயர்த்தி அடக்கினார். கீழ் அடுக்கின் மணிகளிலிருந்து நாற்பதைத் தாமே பொறுக்கி, எல்லார் கண்ணெதிரில் அளக்கச் சொன்னார். எழுபது கோடி. அறுபத்தொன்பது. எழுபத்தொன்று. நாற்பதும் அப்படியே.

அவர் மேடையிலிருந்து இறங்கிவந்து, கூட்டத்தில் நின்ற இளவெயினியின் தாய் செங்கமலத்தின் முன்னால் கைகூப்பினார்.

"இத்தனை நாளும் தப்பாப் பேசிட்டோம்மா. எங்க பையனுக்கு உங்க பொண்ணைத் தரணும்."

வெளியே எழுந்த ஆரவாரத்தில் கூரைத் தகடுகள் அதிர்ந்தன. இளவெயினியை ஆய்வகத் தோழிகள் தோளில் தூக்கினார்கள். அன்று மாலைக்குள் முன்னோரின் அந்த வரி இருந்த மரபு ஏடு மூடப்பட்டது. மேட்டு நிலம் எல்லார்க்கும் திறந்தது. ஒரு மாதத்தில் முகூர்த்தம்.

கல்யாணத்தன்று காலை, மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்த செங்கமலம் மெல்ல ஆரம்பித்தாள்.

"ஏண்டி, நல்லா யோசிச்சியா? பையன் தங்கம்தான். ஆனா எங்கேயோ தீவுல இருந்து மிதந்து வந்த நிலம். நம்ம ஆதி மண்ணுப் பொண்ணை அங்க குடுத்தா நாலு பேர் என்ன சொல்லுவாங்க?"

இளவெயினிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அம்மா! நாம இந்த மண்ணுல முளைச்சவங்களா? அறுநூறு வருஷத்துக்கு முன்னாடி பூமியில இருந்து கப்பல்ல வந்து இறங்கினவங்கதானே? மண்ணுல என்னம்மா இருக்கு?"

செங்கமலத்தின் கை நின்றது. முகம் மலர்ந்தது.

"அதுவும் சரிதான். மண்ணுல ஒண்ணும் இல்லை" என்றாள். பின்னலை இறுக்கி முடிந்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "நாம வந்தது முதல் கப்பல். அவங்க எந்தக் கப்பல்னு கேட்டியா?"