கீழிருந்து விழுந்த வெளிச்சம்

மகளின் முகத்தில் வெளிச்சம் கீழேயிருந்து விழுந்தது. அம்பிகா அதை வைத்தது இடது பக்கம், ஜன்னல் வழியாகக் காலை வெயில் சாய்கிற மாதிரி. கம்ப்யூட்டரில் தெரிந்த பேனர் படத்திலோ தாடையும் மூக்கின் அடியும் மஞ்சளாக மின்னின, கண்கள் இருண்டு கிடந்தன.

ஆம்பூர் ஸ்டேஷன் பக்கத்து ஃப்ளெக்ஸ் கடையில் அவள் தனியாக இருந்தாள். வெளியே அடைமழை, ஐந்து மணிக்கே இருட்டிவிட்டது, தோல் பதனிடும் ஷெட்டின் நாற்றம் ஈரக்காற்றோடு ஷட்டருக்கு அடியில் புகுந்து, பிரிண்டர் மையின் நெடியில் கலந்து தொண்டையை அடைத்தது. நாளைக்குப் பூங்குழலிக்கு ஐந்தாவது பிறந்தநாள். பேனரை முடித்துவிட்டு வீட்டுக்கு ஓடும் அவசரத்தில், மதியம் செய்த கண்ணீர் அஞ்சலி ஃபைலையே திறந்து, செத்துப்போன கோதண்டராமன் மேஸ்திரியை எடுத்துவிட்டு மகளின் படத்தை வைத்திருந்தாள். அளவு ஒன்றுதானே என்று நினைத்தாள்.

வேலைக்குச் சேர்ந்த அன்றே முதலாளி ஃபைஸான் பாய் சொல்லியிருந்தார்.

"சாவு ஃபைல்ல பர்த்டே போடாதம்மா. எவ்ளோ அவசரம்னாலும் புதுசா போடு."

அன்று மனசுக்குள் சிரித்தாள். இப்போது தன் பாழாய்ப்போன புத்தியை நொந்துகொண்டாள். மேஸ்திரி படத்துக்குக் கீழே வைத்த குத்துவிளக்கை எப்போதோ அழித்தாயிற்று. அதன் வெளிச்சம் மட்டும் போகவில்லை.

மனசு கேட்கவில்லை. கணவன் நவீன்குமாருக்கு வீடியோ கால் போட்டாள்.

"இங்க கரண்ட் இல்ல. இருட்டுலதான் உக்காந்துனு இருக்கோம்," என்றான்.

அவன் முகம் தெரியவில்லை. மடியில் இருந்த பூங்குழலியின் முகம் மட்டும் தெரிந்தது. தாடையில் மஞ்சள் வெளிச்சம், காற்றில் ஆடுவதுபோல் லேசாக ஆடியது.

"பாப்பா மேல இன்னாங்க வெளிச்சம்? விளக்கு ஏத்துனீங்களா?"

"ஏது வெளிச்சம்? போன் வெளிச்சமா இருக்கும்."

பேனர் படத்தில் இருந்த அதே வெளிச்சம். மவுஸைப் பிடித்து ஃபைலில் வெளிச்சத்தைக் குறைத்தாள். நூறிலிருந்து எழுபது. போனிலும் மகளின் முகம் மங்கியது.

"அம்மா, குளுருது."

நாற்பது. குழந்தையின் தலை சாய்ந்தது.

ஐயோ. பதறிப்போய் மறுபடி நூறுக்கு ஏற்றினாள். பூங்குழலி இருமிக்கொண்டே கண்ணைத் திறந்தாள்.

இருக்கட்டும். இந்த வெளிச்சம் இப்படியே இருக்கட்டும். இனி தொடமாட்டேன். மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.

கடையில் கரண்ட் போனது.

யு.பி.எஸ். கத்த ஆரம்பித்தது. பழைய பேட்டரி. ஐந்து நிமிஷம் தாங்கினால் அதிகம்.

"ஏங்க, பாப்பாவைத் தூக்கினு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. உடனே."

"இந்த மழையிலயா? நல்லாத்தான இருக்கறா. இன்னா ஆச்சு உனக்கு?"

பீப். பீப். நடுவில் இடைவெளி குறைந்தது.

"ஓடுங்க."

ஒரே நீளமான சத்தம். மானிட்டர் கறுத்தது.

போனில், குழந்தையின் மூக்கிலிருந்து வெளிச்சம் இறங்கியது. கன்னம். உதடு. கடைசியாகத் தாடை.

"தூங்கிட்டா போல," என்றான் நவீன்குமார். பிறகு, "அம்பிகா... கை இன்னா இப்டி ஜில்லுனு இருக்குது?"

தடுமாறி டார்ச்சை எடுத்துப் போட்டான். வெளிச்சம் சுவரில் விழுந்தது. தலையணையில் விழுந்தது. அவன் விரல்களில் விழுந்தது.

குழந்தையின் முகத்தில் மட்டும் விழவில்லை.